‘சாப விமோசன’த்தில் ஒரு கல், ஒரு புற்று, கொஞ்சம் தூசி

கேட்டவர் முதுகலைத் தமிழ் படிக்கிறவர். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையைப் படிமம், உருவகம் இவற்றின் வழியாக அணுகி ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். “கல் என்றால் உணர்ச்சியற்ற நிலை, புற்று என்றால் தவம், தீ என்றால் கற்பு என்று பட்டியல் போட்டுவிட்டேன். அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. எங்கே கோளாறு?” என்று கேட்கிறார்.

கோளாறு பட்டியலில்தான். கல்லுக்கு ஒரு பொருளை எழுதி எதிரே கோடு போட்டுவிட்டால், அந்தக் கல் கதையில் மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. நல்ல கதையில் ஒரு பொருள் முதலில் வரும்போது ஒன்றாக இருக்கும். அடுத்து வரும்போது வேறு கைக்கு மாறியிருக்கும். கடைசியில் வரும்போது முதலில் சொன்னதைக் கவிழ்த்துவிட்டிருக்கும். அதனால் ‘இது எதைக் குறிக்கிறது?’ என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். ‘இது மறுபடி எங்கே வருகிறது, இப்போது யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

கதை 1943இல் ‘கலைமகள்’ இதழில் வந்தது. ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இது பிடிபடாமல், பிடிக்காமல்கூட இருக்கலாம், அதை நான் பொருட்படுத்தவில்லை என்று தலையிலேயே ஒரு குறிப்பு எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறார். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோதமன் உருவில் வந்த இந்திரனிடம் ஏமாந்து, கணவன் கோதமனின் சாபத்தால் கல்லாய்க் கிடந்த அகலிகை ராமனால் உயிர் பெறுகிறாள். கோதமனும் தவம் கலைந்து எழுகிறான். இருவரும் சரயூ நதிக்கரையில் குடிசை போட்டு மறுபடி வாழ முயல்கிறார்கள், முடியவில்லை. ராமன் காட்டுக்குப் போகிறான், இவர்களும் ஊர் ஊராக அலைந்து திரும்புகிறார்கள். பட்டம் சூடத் திரும்பிய ராமனும் சீதையும் குடிசைக்கு வருகிறார்கள். தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சீதை சொல்ல, அகலிகை துடித்துப்போகிறாள். அன்று கோதமன் அவளைத் தழுவும்போது அவள் மீண்டும் கல்லாகிறாள். அவன் கைலாயம் நோக்கி நடக்கிறான். தலைப்பு ‘சாப விமோசனம்’. விமோசனம் கதையின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சக் கதை முழுவதும் அதற்கப்புறம் என்ன என்பதுதான்.

இப்போது தொடக்கத்துக்கு வாருங்கள். “சாலையிலே ஒரு கற்சிலை.” வினைச்சொல்கூட இல்லாத முதல் வாக்கியம். உடனே அந்தச் சிலையின் அழகை ஒரு சிற்பியின் கனவோடு ஒப்பிடுகிறார். பார்க்கிறவன் கண் அதில் லயித்துத் தன்னை மறக்கும் நேரத்தில் அந்த ஒப்பீட்டைத் தானே அறுத்துவிடுகிறார்: அது சிற்பியின் கனவு இல்லை, சாபத்தின் விளைவு. உவமையைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வது புதுமைப்பித்தனின் வேலை. நாமும் அந்தச் சாலையில் போகிற ஆண்களைப் போல ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டோம். அந்தப் பார்வையில் நம்மை மாட்டவைத்த பிறகுதான் பெயரைச் சொல்கிறார்: “அவள்தான் அகலிகை.” இந்த இரண்டு சொற்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

அடுத்து வருவதைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். சிலைக்குச் சற்றுத் தூரத்தில் ஒரு கறையான் புற்று; அதற்குள் கோதமன். இன்னும் சற்றுத் தூரத்தில் அவர்கள் வாழ்ந்த குடிசை விழுந்து, சுவர் கரைந்து, மிஞ்சிய திரடு. அதற்கும் அப்பால் கங்கையின் சலசலப்பு. ஒரு குடும்பத்தை இப்படித் தரையில் பரப்பி வைத்திருக்கிறார். பெண்டாட்டி ஒரு கல், புருஷன் ஒரு மண்மேடு, வீடு இன்னொரு மண்மேடு, நடுவில் தூரம். இவர்களுக்குள் என்ன நடந்தது என்பதைப் பாத்திரங்கள் வாய் திறப்பதற்கு முன்பே இடம் சொல்லிவிட்டது. இப்படிப் படிப்பது நமக்குப் புதிதும் இல்லை. குறுந்தொகையில் கபிலரின் தலைவி, அவன் என்னை மணந்தபோது சாட்சிக்கு யாருமே இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகுதான் இருந்தது என்கிறாள். அந்தக் குருகுக்குத் தன் மீன்தான் கவலை. அவளுடைய பயம் முழுவதும் அந்தப் பறவையின் அலட்சியத்தில் இருக்கிறது. உள்ளுறை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் மனத்தில் இருப்பதை மறைத்துச் சொல்லும் சங்கப் பாட்டு முறை, படித்தவர்களுக்கு நவீனச் சிறுகதையின் படிமம் அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை. அகலிகைக்கும் சாட்சி அப்படித்தான் வாய்க்கிறது: வெயில் காய்கிறது, பனி பெய்கிறது, குருவியும் கோட்டானும் சிலைமேல் உட்கார்ந்து பறக்கின்றன. பேதமில்லாத கண்ணோடு பார்க்கும் துறவி போன்ற இயற்கை என்கிறார். ‘துறவி’ என்ற சொல்லுக்கும் அடிக்கோடு போட்டு வையுங்கள்.

கல்லையும் புற்றையும் இணையாக வைத்து ‘இருவரும் உறைந்துவிட்டார்கள்’ என்று எழுதினால் பாதிதான் சரி. அகலிகை கல்லுக்குள் இல்லை, அவளே கல். கோதமனோ புற்றுக்குள் இருக்கிறான். புற்று அவன்மேல் வளர்ந்த ஒன்று. அது உதிர்ந்தால் பழைய ஆள் அப்படியே எழுந்து வரலாம். அப்படித்தான் வருகிறான். காயகற்பம் சாப்பிட்டவன் போல உடம்பில் வலு, சாணை தீட்டிய கத்தி போலக் கண்கள். கண்ணில் கத்தி இருக்கிறவன் காலை மட்டும் தயங்கித் தயங்கி எடுத்து வைக்கிறான். தண்டனை இருவருக்கும் ஒன்றில்லை என்று ஆசிரியர் எங்கும் வாதாடவில்லை. ஒருத்தியைக் கல்லாகவும் ஒருவனைப் புற்றுக்குள்ளும் வைத்ததிலேயே அது முடிந்துவிட்டது.

தூசிக்கு வருவோம். என் கணக்கில் இந்தக் கதையின் உயிர்நாடி கல்லைவிடத் தூசிதான். வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணிலும் படாமல், காற்றையே உணவாகக் கொண்டு சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். தமிழ் வாசகன் மனத்தில் இருக்கும் கல், கம்பனுடைய கல். “விலைமகள் அனைய நீயும் கல்லியல் ஆதி” என்று கோதமன் சபிப்பதும், ராமனின் அடித்துகள் பட்டுப் பழைய வண்ணத்தோடு அவள் எழுவதும், “கைவண்ணம் அங்குக் கண்டேன்; கால்வண்ணம் இங்குக் கண்டேன்” என்று விசுவாமித்திரன் வியப்பதும் பள்ளிக்கூடத்திலேயே காதில் விழுந்தவை. கம்பனில் அந்தத் துகள் அருள்.

புதுமைப்பித்தனில் என்ன நடக்கிறது? இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் துரத்தி விளையாடிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடும் வேகத்தில் கிளம்பிய புழுதி சிலைமேல் படிகிறது. அவ்வளவுதான். அருள வேண்டும் என்ற எண்ணமே ராமனுக்கு இல்லை. அங்கே ஒரு சிலை இருப்பதைக்கூட அவன் கவனித்த மாதிரித் தெரியவில்லை. உறைந்த ரத்தம் ஓடத் தொடங்குகிறது, கல்லில் சூடு பரவுகிறது. அதன் பிறகு விஷயம் தெரிந்ததும் ராமன் “அம்மா!” என்று அவள் காலில் விழுகிறான். கம்பனின் கால்வண்ணம் இங்கே அப்படியே திரும்பிவிட்டது. பணிந்தது ராமனின் தலை, உயர்ந்தது அகலிகையின் கால்.

இதோடு நின்றிருந்தால் அழகான ஒரு திருப்பம் என்று பாராட்டிவிட்டுப் போகலாம். தூசி மறுபடி வருகிறது, கதை முடியப்போகிற நேரத்தில். சீதை தீக்குளித்ததைச் சொல்லியாகிவிட்டது. ராமனும் கோதமனும் வெளியிலிருந்து திரும்புகிறார்கள். சீதை விடைபெற வருகிறாள். அகலிகை வெளியே வரவில்லை. அப்போது ராமனைப் பற்றி ஒரே ஒரு வரி: “காலில் படிந்த தூசி அவனைச் சுட்டது.” விளக்கம் கிடையாது, வசனம் கிடையாது. முன்பு அவன் காலிலிருந்து கிளம்பிய தூசி ஒரு கல்லைப் பெண்ணாக்கியது. இப்போது அந்தப் பெண்ணின் வாசலில் அவன் காலில் படிந்த தூசி அவனையே சுடுகிறது. ராமன் குற்றவாளியா, உலகத்தின் வாய்க்குப் பயந்தவனா என்று பக்கம் பக்கமாக விவாதிக்கலாம். கதையின் தீர்ப்பு அந்தத் தூசியில் இருக்கிறது. உங்கள் கட்டுரைக்கு ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரியில் தூசி ஏன் ‘சுட்டது’? உறுத்தியது என்று எழுதியிருக்கலாமே? இங்கேதான் தீயைப் பின்தொடர்ந்து வர வேண்டும். தீ முதலில் வருவது நாக்கில். விலைமகள் என்று அன்று சுட்ட சொல் தன் நாக்கையே பொசுக்கிவிட்டது போலக் கோதமன் உணர்கிறான்; மனைவியோடு பேச வாய் எழவில்லை. அடுத்து அது ஊர்ப் பெண்களின் வாய்க்குப் போகிறது. அகலிகையைக் கண்டதும் அவர்கள் ஒதுங்கித் தூரப் போய் நின்று “அவள்தான் அகலிகை” என்கிறார்கள். கோதமன் வயிற்றெரிச்சலில் கொட்டிய தீயைவிட இது அதிகமாகச் சுட்டது என்கிறது கதை. முதல் பத்தியில் ஆசிரியர் நமக்கு அறிமுகம் செய்துவைத்த அதே இரண்டு சொற்கள்! அன்று நாம் அதை வெறும் தகவலாக வாங்கிக்கொண்டோம். இங்கே வந்ததும்தான் நாமும் தள்ளி நின்று விரல் நீட்டிய கூட்டத்தில் ஓர் ஆள் என்று உறைக்கிறது.

பிறகு நிஜத் தீ வருகிறது. ராமன் வரத் தாமதமாவதால் பரதன் தீயில் இறங்கத் துணிகிறான் என்ற பதைப்பு. அதன் பிறகு சீதையின் அக்கினிப் பிரவேசம். புராணப்படி சீதை தீயில் இறங்கி ஒரு தழும்புமில்லாமல் வெளியே வருகிறாள். கதையிலும் அவள் நிதானமாகத்தான் இருக்கிறாள். “அவர் கேட்டார், நான் செய்தேன்” என்கிறாள். வெந்துபோவது கேட்டுக்கொண்டிருந்த அகலிகை. அவள் மனத்தில் ‘கண்ணகி வெறி’ ஆடியது என்று எழுதுகிறார். ராமாயணத்துக்குள் சிலப்பதிகாரத்தை இழுத்துப் போடுவது கொஞ்சம் உரத்த குரல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியான இடத்தில் விழுந்ததாகவே தோன்றுகிறது. கண்ணகிக்கு எரிப்பதற்கு ஒரு மதுரை கிடைத்தது. அகலிகைக்குக் குடிசைதான் உண்டு. கோபம் பாய வெளியில் இடமில்லாமல் உள்ளே திரும்புகிறது. அங்கிருந்து கல்லாவதற்கு அதிக தூரமில்லை. உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை மெதுவாகச் சிரிக்கிறாள். நிரூபித்துவிட்டால் மட்டும் அது உண்மையாகிவிடுமா, “உலகம் எது?” என்கிறாள் அகலிகை. சீதையைச் சுடாத தீ இத்தனை பேர் கைமாறிக் கடைசியில் ராமனின் காலுக்கு வந்து சேர்கிறது.

படிமத்தைத் தேடுகிறவர்கள் படிமம் இல்லாத இடங்களைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். உயிர் பெற்ற பிறகு கணவனும் மனைவியும் முதன்முதலாகத் தனியாக நிற்கிறார்கள். அதுவரை உவமைகளாகக் கொட்டிய நடை அங்கே சட்டென்று ஒடுங்குகிறது. கோதமனின் அறிவெல்லாம் சுழலில் மாட்டி, அர்த்தமில்லாத ஒரு கேள்வியைத் தள்ளுகிறது: “என்ன வேண்டும்?” அகலிகை குழந்தை மாதிரிச் சொல்கிறாள்: “பசிக்கிறது.” அவன் போய்க் காய்கனி பறித்துக்கொண்டு வருகிறான். மணமான புதிதில் இருந்த ஆசையும் பரிவும் விரல்களில் தெரிந்ததாம். யுகக்கணக்கில் கல்லாய்க் கிடந்தவளின் முதல் தேவை மன்னிப்போ தத்துவமோ இல்லை, சோறு. இவர்கள் வாழ்ந்துவிடக் கூடும் என்று நான் நம்பியது கதை முழுவதிலும் இந்த ஒரு இடத்தில்தான். ‘படிமங்களே இல்லாத பகுதி’ என்று இதை ஒதுக்கினால் கதையின் ஒரே ஈரமான இடத்தை ஒதுக்கியதாகும்.

இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். பொதுவாகத் தெரியாததை விளக்கத் தெரிந்ததை உவமை சொல்வோம். இவர் நிழலையும் காற்றையும் காட்டிவிட்டு, உலகத்தின் துன்பத்தை மறைக்க முயன்று நம்பிக்கை தரும் சமய தத்துவம் போல அவை இருந்தன என்று எழுதுகிறார். கண்ணுக்குத் தெரிகிற நிழலுக்குக் கண்ணுக்குத் தெரியாத தத்துவம் உவமை. காட்சி தெளிவாவதற்காக எழுதிய உவமை இல்லை இது. தத்துவத்தை ஒரு குத்துக் குத்துவதற்காக எழுதியது. ராமன் வருவதற்குச் சற்று முன்னால் இது நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது முடிவு. ரதம் போய்விட்டது. தனித்து நிற்கும் கோதமனின் கண்ணில் திரிசங்கு மண்டலம் படுகிறது. மேலும் போக முடியாமல் கீழும் இறங்க முடியாமல் தொங்கும் உலகம். அவர்கள் குடும்பமும் அதுதான். ஒரு குழந்தை வந்தால் அவள் மனச்சுமை இறங்கிவிடாதா என்று அவனுக்குத் தோன்றுகிறது. நல்ல எண்ணம்தான். உள்ளே போய்த் தழுவுகிறான். அவளுக்கோ கோதமன் உருவில் இந்திரன் வந்ததாகப் படுகிறது. அவள் நெஞ்சு கல்லாய் இறுகுகிறது.

நெஞ்சு. கம்பனுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். அங்கே அவளை ஏற்றுக்கொள்ளச் சொல்லும்போது “நெஞ்சினால் பிழைப்பிலாளை” என்று சொல்லப்படுகிறது. உடம்பு கல், நெஞ்சு களங்கமில்லாதது. அதனால்தான் மீட்பு சாத்தியம். இங்கே கல்லாவது நெஞ்சிலிருந்து தொடங்குகிறது. முதல் முறை சாபம் புருஷன் வாயிலிருந்து வந்தது. இரண்டாம் முறை யாரும் சபிக்கவில்லை. அடுத்த வாக்கியம் “என்ன நிம்மதி!” இதைச் சொல்வது யார்? அகலிகையா, ஆசிரியரா? மேற்கோள் குறி எதுவும் போடாமல் விட்டிருக்கிறார். நான் அகலிகையின் மூச்சாகத்தான் கேட்கிறேன். உங்கள் பட்டியலில் கல்லுக்கு எதிரே ‘உணர்ச்சியற்ற நிலை’ என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? இந்த வாக்கியத்தின் முன் அது நிற்காது. முதல் பக்கத்தில் தண்டனையாக இருந்த கல் இங்கே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது. விமோசனம் என்ற தலைப்புக்கு இந்த இடம்தான் பொருத்தம் என்றுகூட ஒருவர் வாதிடலாம். நான் மறுக்க மாட்டேன்.

இடமும் மாறிவிட்டதைக் கவனியுங்கள். அப்போது கல் சாலையில், எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தது. இப்போது குடிசைக்குள், ஒருவன் கைக்குள் கிடக்கிறது. அப்போது அசையாமல் உட்கார்ந்திருந்தவன் இப்போது சாலையில் இருக்கிறான். கடைசிப் பத்தியில் பனிப் பாலைவனத்தில் ஒற்றை மனித உருவம் கைலாயத்தை நாடி விரைகிறது. “அதன் குதிகாலில் விரக்தி வைரம் பாய்ந்து கிடந்தது.” வைரம் பாய்வது மரத்துக்குச் சொல்வது, ஆண்டுக்கணக்கில் நின்ற மரத்தின் நடுப்பகுதி இறுகிக் கறுத்துப்போவது. அகலிகைக்கு நெஞ்சில் நேர்ந்தது கோதமனுக்குக் குதிகாலில் நேர்கிறது. அவள் இறுகி நின்றுவிட்டாள். அவன் இறுகி நடக்கிறான். நடக்க முடிந்தது என்பதே அவனுக்குக் கிடைத்த சலுகை. புற்றுக்குள் இருந்தவனுக்கும் கல்லாகவே ஆனவளுக்கும் இருந்த அதே வித்தியாசம் கடைசிவரை தொடர்கிறது.

அதன் பிறகு “அவன்தான் கோதமன்.” ஊர்ப் பெண்கள் அகலிகையைச் சொன்ன தோரணையில் இப்போது அவனைச் சொல்கிறார் ஆசிரியர். விரல் நீட்டும் முறை அவனுக்கும் வந்துவிட்டது. “அவன் துறவியானான்” என்று முடிக்கிறார். தொடக்கத்தில் துறவி போல என்று சொன்னது எதை? அவளுடைய துயரத்தைப் பேதமில்லாமல், அதாவது ஒன்றும் செய்யாமல், பார்த்துக்கொண்டிருந்த இயற்கையை. இதற்கப்புறம் கோதமனின் துறவை உயர்வாக எடுத்துக்கொள்வதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்கு அது உயர்வாகப் படவில்லை.

கட்டுரை எழுதும்போது எல்லாப் படிமங்களையும் அள்ளிப் போடாதீர்கள். தூசி, தீ, கல் மூன்றும் போதும். நடை என்ற இழையை விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் வரும் இடங்களைக் கதையிலிருந்து வரிசையாக எழுதி, பக்கத்தில் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று குறியுங்கள். பொருள் எழுதும் கட்டத்தைக் கடைசிவரை காலியாக விடுங்கள். கதையில் வருகிற எல்லாமே படிமம் என்றும் நினைத்துவிடக் கூடாது. சரயூ பல இடங்களில் வெறும் சரயூதான், தண்ணீர் எடுக்கிற ஆறு.

நேரமிருந்தால் இவரே 1934இல் எழுதிய ‘அகல்யை’ கதையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதில் கோதமன் நடந்ததைப் புரிந்துகொள்கிறான், சாபம் கொடுப்பதில்லை, அவள் கல்லாவதும் இல்லை. மனத்தூய்மைதான் கற்பு என்று அவன் வாயாலேயே சொல்லிக் கதை முடிந்துவிடுகிறது. ‘சாப விமோசன’த்தில் அப்படிச் சொல்லி முடிக்க ஆளில்லை. ஒன்பது வருஷம் கழித்து அவர் எதற்காகக் கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்ற கேள்வியோடு உங்கள் கட்டுரையைத் தொடங்கலாம்.